வெட்டச் சொல்லாதீர்கள், அலசச் சொல்லுங்கள்

போன ஐப்பசியில் என் மகள் வயிற்றுப் பேரன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். வயது 22. வந்த மூன்றாம் நாள் நண்பர்களோடு ஆரோவில் பக்கம் போனவன், இரவு வீடு திரும்பும்போது தலை முழுக்கச் சடையோடு வந்து நின்றான். விரல் பருமனில் ஐம்பது சடை இருக்கும். குயிலாப்பாளையம் பக்கத்தில் ஒரு பெண் செய்துவிட்டாளாம். ஏழெட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தானாம். பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் உட்காராத பிள்ளை!

எங்கள் வீட்டில் இப்போது பெரியவர் என் அக்கா. வயது 81. அவர்தான் கதவைத் திறந்தார்.

"என்னடா தம்பி இது, புள்ள தலையில காக்கா கூடு கட்டி வச்சிருக்கு?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

பையன் சிரித்துக்கொண்டே, "டிரெட்லாக்ஸ், பாட்டி" என்றான். பாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் வெறும் தலைமுடியாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கார்த்திகையில் என் மனைவிக்கு முதல் வருடத் திதி. எங்களுக்கு மகன் கிடையாது. பேரன்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். அதற்காகத்தான் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். "இந்தக் கோலத்தில உட்கார்ந்தா உங்க ஆயா வந்து வாங்குவாளா? மொட்டை அடிச்சிட்டு உட்காரட்டும்" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நானும் ஒத்து ஊதினேன். அதோடு நிற்காமல், "பிச்சைக்காரன் மாதிரி இருக்கே, நாளைக்குக் காலையில வெட்டிட்டு வா" என்று அவனிடம் சொல்லியும் விட்டேன். அவன் பதில் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டான். வெட்டவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தாத்தாவும் பேரனும் ஒரே வீட்டில் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் அவன் அறைக்குள் போனேன். ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தால் வருமே, அந்த நாற்றம். தலையணை உறையை எடுத்துப் பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கு. "தம்பி, தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். சடை போட்டு மூன்று வாரமாகப் போகிறதாம், ஒருமுறைகூட அலசவில்லையாம். மூன்று மாதம் தண்ணீரே படக்கூடாது, பட்டால் சடை பிரிந்துவிடும் என்று கூட்டாளி ஒருவன் சொல்லியிருக்கிறான். ஆனால் மழையில் நனைந்திருக்கிறான், துவட்டாமல் தூங்கியும் இருக்கிறான். தலை அரிக்கிறது, சொல்ல வெட்கம்.

அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது. அக்கா சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. நாற்றம் உண்மை. ஆனால் அது சடையின் நாற்றம் இல்லை, அலசாததின் நாற்றம். வாரிப் பின்னிய தலையும் மூன்று வாரம் அலசாவிட்டால் நாறத்தான் செய்யும்.

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு நானே குயிலாப்பாளையம் போனேன். இத்தாலிக்காரியோ பிரெஞ்சுக்காரியோ இருப்பாள் என்று நினைத்தேன். நம் ஊர்ப் பெண்தான். அவள் சொன்னதைக் கேட்டபோது, எழுபது வயதுக்கு மேல் ஒரு புதுப் பாடம் படித்த மாதிரி இருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பேரனோ பேத்தியோ நாளைக்கு இப்படி வந்து நிற்கலாம்.

நம் தலையில் தினமும் ஐம்பதிலிருந்து நூறு முடிவரை உதிர்கிறது. வாரினால் சீப்போடு வந்துவிடும். சடையில் அது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிச் சிக்கித்தான் சடை இறுகுகிறது. சுருள் சுருளான ஆப்பிரிக்க முடி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நம்முடையது வழவழப்பான முடி. சீப்பால் வேர்ப் பக்கமாகத் தள்ளி, குரோஷா ஊசியால் உள்ளே இழுத்துக் கோத்தாலும் உறுதிப்பட மாதக் கணக்கில், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். எண்ணெய்ப் பசை இருந்தால் முடி முடியோடு வழுக்கும், பிடிக்காது. அலசிக் காய்ந்த முடிதான் பிடிக்கும். ஆகவே அலசினால் சடை பிரியும் என்பது தலைகீழான பேச்சு. முதல் தடவைக்கு ஒரு வாரம் பத்து நாள் பொறுத்தால் போதும், அப்புறம் வாரம் ஒருமுறை, வெயில் காலத்தில் இரண்டு முறை அலசலாம் என்றாள் அந்தப் பெண்.

அலசும் முறை இது. வெளிச்சமுள்ள ஷாம்பு, அதாவது பால்போலக் கலங்காமல் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பது, கொஞ்சம் எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கண்டிஷனர் கூடவே கூடாது. அது முடியை வழுக்க வைக்கத்தான் இருக்கிறது. கரைத்த தண்ணீரை வகிடு வகிடாகத் தலைத்தோலில் விட்டு, நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். சடையைத் துணி கசக்குவதுபோல் கசக்கக் கூடாது. நுரை இறங்கும்போது ஒவ்வொன்றையும் கைக்குள் வைத்து அமுக்கிவிட்டால் போதும். புதுச் சடை பிரிந்துவிடும் என்று பயந்தால் மெல்லிய வலைத்துணியைத் தலைமேல் கட்டிக்கொண்டு அதன் மேலேயே அலசலாம். பிறகு நல்ல தண்ணீர் விட்டு, நுரை போன பிறகும் இரண்டு மூன்று நிமிடம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே தங்குகிற ஷாம்புதான் பிற்பாடு சாம்பல் மாதிரி படிகிறது.

இங்கே நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷாம்பு எதற்கு, நம் சீயக்காய் இருக்கிறதே என்று முதல் நாள் அரைத்த தூளைக் குழைத்துப் போட்டுவிட்டேன். அலச அலசத் தூள் சடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு சடையாகப் பிடித்து நானும் அவனும் ஒரு மணி நேரம் பொறுக்கினோம். எல்லாம் வரவில்லை. சீயக்காய், அரப்பு, கடலை மாவு எதுவும் சடைக்கு ஆகாது. நாட்டுச் சரக்குத்தான் வேண்டும் என்றால் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி அந்தத் தண்ணீரை மட்டும் எடுக்கலாம். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். உள்ளே போனால் வெளியே வராது, தூசியைச் சேர்த்துக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும். மெழுகு தடவச் சொல்வார்கள். அதையும் தொடக் கூடாது.

அலசுவதைவிட முக்கியம் காயவைப்பது. சடை மேலே காய்ந்ததுபோல் இருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில் பூசணம் பிடித்துவிட்டால் பிறகு எந்த ஷாம்புவுக்கும் போகாது, வெட்டத்தான் வேண்டும். ஆகையால் காலையில்தான் அலச வேண்டும், இரவில் கூடாது. ஈரிழைத் துண்டால் ஒவ்வொரு சடையாகப் பிழிந்து எடுத்து, மொட்டை மாடி வெயிலிலோ மின்விசிறிக்கு நேராகவோ உட்கார வேண்டும். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் வெயிலை எங்கே தேடுவது? தலை உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்துக் காட்ட வேண்டும். ஈரத்தோடு முடிந்து கட்டுவதோ படுப்பதோ கூடாது. காய்ந்த பின் உள்ளங்கைகளுக்கு நடுவில் திரி உருட்டுவதுபோல் உருட்டிவிடலாம். வேரில் பக்கத்துச் சடைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். விரலால் பிரித்துவிட வேண்டும். அதற்காக வேரைப் பிடித்து இறுக்கி இறுக்கி முறுக்கினால் நெற்றி ஓரத்தில் முடி கொட்டிப்போகும். வலியோ சீழோ கண்டால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இவ்வளவு வேலை! நாமெல்லாம் வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளித்ததற்கே அம்மா துரத்த வேண்டியிருந்தது. சோம்பேறிகள்தான் சடை வளர்ப்பார்கள் என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

காயவைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது அவன் ஜமைக்காவைப் பற்றிச் சொன்னான். 1930இல் எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹைலே செலாசி என்ற பெயரில் முடிசூட்டிக்கொண்டார். அவரைத் தெய்வமாகக் கொண்ட ஜமைக்கா ஏழை ஜனங்கள்தான் ராஸ்தாபாரிகள். நசரேய விரதம் இருப்பவன் தலையில் சவரகன் கத்தி படக்கூடாது என்று பைபிளில் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் இருப்பதை வைத்துச் சடை வளர்த்தார்கள். 1963இல் அந்நாட்டு அரசாங்கமே அவர்களை வளைத்துப் பிடித்தது. பலருடைய சடையைப் பலவந்தமாக அறுத்தார்கள். அதற்காக அந்த நாட்டுப் பிரதமர் 2017இல் மன்னிப்புக் கேட்டார். 1845 முதல் கூலிகளாக ஜமைக்காவுக்குப் போன இந்தியர்களோடு நம் சாதுக்களின் சடை வழக்கமும் போயிருக்கலாம் என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. கஞ்சா என்ற சொல் அங்கே போனது நிச்சயம். சடை போனதா என்பது வாதத்துக்குரியது.

நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் சடை விரித்து ஆடுகிறவரைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிறோம். வீட்டுப் பிள்ளை வளர்த்தால் பிச்சைக்காரன் என்கிறோம். இன்னொன்றும் தோன்றியது. நம் சாமி சடைக்குள் கங்கையையே வைத்திருக்கிறார். ஓயாமல் அலசிக்கொண்டிருக்கிற சடை அது!

ஆனால் சடை என்றால் எல்லாம் ஒன்றில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு அம்மாள் இருந்தார். தலையில் ஒரே கட்டியாகச் சடை, இடுப்புவரை தொங்கும். அம்மன் இறங்கியிருக்கிறாள், தொட்டால் கண் போய்விடும் என்பார்கள். வெள்ளிக்கிழமை காலில் விழுவார்கள். பேன் கடியில் அவர் சுவரில் தலையை இடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். காலில் விழுந்தவர்களில் ஒருவர்கூட ஒரு செம்பு வெந்நீர் வைத்து அலசிவிட்டதில்லை. கர்நாடகத்தில் சவதத்தி எல்லம்மாவின் பெயரால், சடை விழுந்த பெண் குழந்தைகளைத் தேவதாசியாகப் பொட்டுக் கட்டிவிட்ட கொடுமையும் நடந்தது. 1982இல் அதைத் தடுக்கச் சட்டமே போட வேண்டியிருந்தது. பிரெஞ்சு அகராதியில் இந்தச் சிக்குமுடிக்குப் "போலந்துச் சடை" என்று பெயர். அந்த நாட்டிலும் இதைத் தொடக்கூடாது, அறுத்தால் நோய் உள்ளே போய்விடும் என்று பயந்துகிடந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராக்கோவ் நகரத்து மருத்துவர் யூசெஃப் டீட்டல்தான் இது சாபமும் இல்லை தனி நோயும் இல்லை, கவனிக்காமல் விட்ட முடி என்று எடுத்துச் சொல்லிப் போராடினார்.

கவனிக்காமல் விட்ட முடி. இந்த இடத்தில் என் வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

என் மனைவி பக்கவாதத்தில் நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். அவருக்கு இடுப்புவரை முடி. தலைக்குத் தண்ணீர் விட்டால் சளி பிடித்துவிடும், நெஞ்சில் இறங்கிவிடும் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் பயந்தேன். உடம்பைத் துடைத்துவிட்டோம், தலையைத் தொடவில்லை. இரண்டு மாதத்தில் பின்னந்தலை முடி பாய்போல் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்த நர்ஸ் பெண் பார்த்துவிட்டு, "இனிமே பிரிக்க முடியாதுங்க ஐயா, அடியில புண்ணு இருக்கு" என்று கத்தரிக்கோல் கேட்டாள். வெட்டும்போது என் மனைவியால் பேச முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. அந்த முடியை நான் கடலில் கொண்டுபோய் விட்டேன். மகளுக்கு இதுவரை சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

பிற்பாடு அந்த நர்ஸ் பெண்ணே சொல்லித் தந்தாள். படுத்திருப்பவர்களுக்கும் தலை அலசலாம். தலைக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, துண்டைச் சுருட்டி இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி வைத்து, தண்ணீர் கட்டிலோரம் வாளியில் இறங்கும்படி செய்ய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரை அரைக் குவளையாக விட்டு அலசி, உடனே துவட்டிக் காயவைத்தால் சளி ஒன்றும் பிடிக்காது. தினமும் நுனியிலிருந்து ஆரம்பித்துச் சிக்கெடுத்து, பின்னால் அழுந்தாதபடி இரண்டு பக்கமும் தளரப் பின்னிவிட வேண்டும். எனக்கு இது காலம் கடந்து தெரிந்தது. உங்களில் யார் வீட்டிலாவது படுக்கையில் ஒருவர் இருந்தால், இன்றைக்கே பின்னந்தலையைத் தொட்டுப் பாருங்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். தலைமுடி எந்த உருவத்தில் இருக்கிறது என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. அதைக் கவனிக்க ஒரு கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பேரன் விரும்பி வளர்க்கிற சடையைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். தெருவில் ஒரு அம்மாள் பேன் பிடித்துக் கிடந்தால் கும்பிடுகிறோம். இரண்டிலுமே தலைத்தோலை யாரும் பார்க்கவில்லை.

நாகரிகம் தெரிந்தவர்கள் என்று நாம் நினைக்கிற பிரான்சிலும் இந்தச் சண்டை உண்டு. ஏர் பிரான்ஸ் விமானப் பணியாளர் ஒருவர் ஆப்பிரிக்க முறையில் பின்னிக் கொண்டைபோட்டு வந்தார் என்பதற்காக அவரை விமானத்தில் ஏற விடவில்லை. விக் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். பெண் பணியாளர்களுக்கு அனுமதித்த பின்னலை ஆணுக்கு மறுப்பது பாரபட்சம் என்று 2022 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைமுடியை வைத்துப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கும் மசோதாவை குவாதலூப் தீவின் உறுப்பினர் ஒலிவியே செர்வா கொண்டுவந்தார். தேசிய சபை 2024 மார்ச்சில் அதை ஏற்றது. சட்டமாக வேண்டுமானால் செனட்டும் ஏற்க வேண்டும். அங்கே சபை கூடிப் பேசுகிற விஷயத்தை நான் வாசற்படியில் நின்று ஒரே வாக்கியத்தில் தீர்க்கப் பார்த்தேன்.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விரும்பிச் சடை போட்டுக்கொள்வது உங்கள் உரிமை. ஆனால் கழுவாமல் இருப்பது சடையின் இலக்கணம் இல்லை. கூட்டாளி சொன்னதைக் கேட்காமல், போட்டுவிட்டவரிடமே முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்காருபவரின் மூக்குக்கும் உரிமை உண்டு.

திதிக்கு வருவோம். அக்கா விடவில்லை. ஐயரிடமே கேட்கலாம் என்று கேட்டோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தலைக்குக் குளிச்சிட்டு வரச் சொல்லுங்கோ, போதும்" என்று சொல்லிவிட்டுத் தர்ப்பையை எடுத்துவைத்தார். விடிகாலை பேரன் அலசிக்கொண்டு ஈரச் சடையோடு உட்கார்ந்து பாட்டிக்குப் பிண்டம் வைத்தான். கை நடுங்கியது, ஆனால் ஒழுங்காகச் செய்தான். கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். அன்றும் தூறல், வெயில் இல்லை. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து ஒவ்வொரு சடையாக நான் துண்டால் பிழிந்துகொண்டிருந்தேன். அக்கா உள்ளேயிருந்து சாம்பிராணித் தூபக்காலைக் கொண்டுவந்து அவன் பின்னால் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. சடைக்குள் போன சாம்பிராணி வாசனை நான்கைந்து நாள் வீட்டில் இருந்தது. என் மனைவி தலைக்குக் குளித்த வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீடு இப்படித்தான் மணக்கும்.

அவன் ஊருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். "எப்படா வெட்டப் போற?" என்று அக்கா இன்னமும் கேட்கிறார். நான் கேட்பது ஒன்றுதான்: "அலசினியா தம்பி, நல்லா காஞ்சுதா?"